பதக்கம் கொடுத்தவர்களிடம் கேட்க வேண்டியது

1987 டிசம்பர் 7 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஒரு நினைவுக் கச்சேரி நடந்தது. கதைப்பாடல்களை எழுதிப் பாடிய ஹாரி சேப்பின் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு அவருக்கு 45 வயது. அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹாரி பெலஃபாண்டே, பீட் சீகர், ஜூடி காலின்ஸ், ரிச்சி ஹேவன்ஸ், பேட் பெனடார், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்று மேடையேறியவர்களின் பெயர்களே ஒரு தலைமுறையின் இசை வரலாறு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கமும் அன்றுதான் சேப்பினுக்கு வழங்கப்பட்டது. ஜார்ஜ் வாஷிங்டனிடமிருந்து தொடங்கும் பட்டியல் அது. அதில் ஒரு கிட்டார்க்காரர் சேர்ந்தார். பாட்டுக்காக அந்தப் பதக்கம் தரப்படவில்லை, பசியை எதிர்த்து அவர் செய்த வேலைக்காகத் தரப்பட்டது.

அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு 1990இல் வெளிவந்தது. நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஜூடி காலின்ஸ் பாடும் இடத்தில் இப்போதும் வேலையை நிறுத்திவிட்டுத்தான் கேட்பேன். நினைவுக் கச்சேரிகள் வேண்டும் என்று நினைப்பவள் நான். அதனால்தான் அவற்றைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல நினைக்கிறேன்.

நான் இருப்பது நியூயார்க்குக்குக் கிழக்கே நீளும் லாங் ஐலண்டில், ஹிக்ஸ்வில் என்ற ஊரில். கணக்கெழுதுவது என் பிழைப்பு. சனிக்கிழமை காலையில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்துக்குப் போவேன். அங்கே ஏழைகளுக்கு மளிகைப் பொருள் கொடுக்கிறார்கள். பேன்ட்ரி என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வார்கள். டின்னில் அடைத்த பீன்ஸ், மக்ரோனி, ஓட்ஸ், பீநட் பட்டர், குழந்தைகளுக்கான டயப்பர் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். தேதி பார்த்துப் பிரித்து, குடும்பத்தின் தலைக்கணக்குப்படி பைகளில் போட வேண்டும். அந்தப் பெட்டிகளில் பல, ஹாப்பாக் ஊரில் இருக்கும் லாங் ஐலண்ட் கேர்ஸ் கிடங்கிலிருந்து வருபவை. அந்த அமைப்பை 1980இல் தொடங்கியவர் ஹாரி சேப்பின். அந்த உணவு வங்கிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

எங்கள் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் அமெரிக்காவைப் பற்றிய பல கற்பனைகள் கலைந்துவிடும். முதியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இரவு வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் வருவார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் ஒருவர் கோடை விடுமுறை மாதங்களில் மட்டும் வருவார், அந்த மாதங்களில் அவருக்குச் சம்பளம் கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்கும் ஒரு இளைஞர், வாரம் முழுக்கத் தன் கையால் அடுக்கிய அதே டின்களை எங்களிடம் வந்து வாங்கிப் போவார். இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. வீட்டு வாடகையும் கார் இன்ஷூரன்ஸும் மருத்துவச் செலவும் போக மிஞ்சுவதில்தான் இவர்கள் சாப்பிட வேண்டும். அதனால் சாப்பாட்டில் கை வைக்கிறார்கள்.

சேப்பின் 1942இல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா ஜிம் சேப்பின் ஜாஸ் டிரம்ஸ் கலைஞர். ஹாரி சிறுவயதில் புரூக்ளினில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடினார், வளர்ந்தபின் ஆவணப்படம் எடுத்தார். குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி அவர் எடுத்த படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 1972இல் ‘டாக்ஸி’ பாடல் அவரை ஊரறியச் செய்தது. 1974இல் ‘கேட்ஸ் இன் த கிரேடில்’ அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. மகனோடு இருக்க நேரமில்லாத அப்பாவின் கதை அது. மனைவி சாண்டி எழுதிய ஒரு கவிதையிலிருந்து பிறந்த பாட்டு.

பில் அயர்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் வானொலியில் நிகழ்ச்சி நடத்திவந்தார். பேட்டிக்குப் போன சேப்பினுக்கும் அவருக்கும் நட்பு வளர்ந்து, பேச்சு உலகத்தின் பசியைப் பற்றித் திரும்பியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1971 ஆகஸ்ட் 1 அன்று, ரவிசங்கரின் வேண்டுகோளை ஏற்று ஜார்ஜ் ஹாரிசன் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்காக இரண்டு கச்சேரிகள் நடத்தியிருந்தார். உலகமே திரும்பிப் பார்த்த நாள் அது. ஆனால், அதன் மூலம் வந்த பணத்தில் ஒரு பெரும் பகுதி வரிச் சிக்கலில் மாட்டி ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. சேப்பினும் அயர்ஸும் அதிலிருந்து உற்சாகத்தையும் எடுத்துக்கொண்டார்கள், பாடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் விழாவோடு நிற்காமல் வருடா வருடம் உழைக்கும் ஒரு அமைப்பு வேண்டும் என்று முடிவு செய்து, 1975இல் ‘வேர்ல்டு ஹங்கர் இயர்’ அமைப்பைத் தொடங்கினார்கள். இப்போது அதற்கு ஒய்ஹங்கர் என்று பெயர். அரை நூற்றாண்டு தாண்டியும் அது இயங்குகிறது.

சேப்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கச்சேரிகள் செய்தார். அவற்றில் பாதியளவு நிதி திரட்டும் கச்சேரிகள். பாடி முடித்ததும் அவர் பின்வாசல் வழியாகக் காரில் ஏறிப் போய்விட மாட்டார். அரங்கின் முகப்பில் வந்து நின்று புத்தகமும் டி-ஷர்ட்டும் விற்பார், கையெழுத்துப் போடுவார், கடைசி ஆள் போகும்வரை பேசுவார். விற்ற காசு பசி ஒழிப்பு வேலைக்குப் போகும். என்னைக் கேட்டால் அவருடைய மிகச் சிறந்த நிகழ்ச்சி மேடையில் நடந்தது இல்லை, அந்த முகப்பில் நடந்ததுதான்.

இதைவிட முக்கியமானது அவர் வாஷிங்டனில் செய்தது. தம்முடைய பணத்தையும் ரசிகர்களின் பணத்தையும் எவ்வளவு கொட்டினாலும் பசி தீராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நாடாளுமன்ற உறுப்பினர்களின் அறை அறையாக ஏறி இறங்கி, உலகப் பசி பற்றி ஆராய ஒரு ஆணையம் அமைக்கும்படி கேட்டார். செனட்டர் பேட்ரிக் லேஹி அதற்குத் துணை நின்றார். 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஆணையத்தை அமைத்தார், சால் லினோவிட்ஸ் அதன் தலைவர். பசுமைப் புரட்சியின் பெயரோடு நாம் அறிந்த நார்மன் போர்லாக்கும் பாடகர் ஜான் டென்வரும் சேப்பினோடு உறுப்பினர்களாக இருந்தார்கள். பெயருக்கு ஒரு கலைஞர் என்று சேப்பின் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. விடாமல் கூட்டங்களுக்குப் போனார், படித்தார், வாதாடினார்.

1980இல் வந்த அறிக்கை, பசியின் வேர் வறுமையில் இருக்கிறது என்றது. வளரும் நாடுகளோடு அமெரிக்கா வைத்துக்கொள்ளும் உறவின் முதன்மை நோக்கமே பசியை ஒழிப்பதாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எவ்வளவு பெரிய பரிந்துரை! அந்த ஆண்டே தேர்தலில் கார்ட்டர் தோற்றார். ரீகன் வந்தார். அறிக்கை அலமாரிக்குப் போனது.

1981 ஜூலை 16 அன்று மாலை லாங் ஐலண்டின் ஐசனோவர் பூங்காவில் சேப்பினின் இலவசக் கச்சேரி இருந்தது. அன்று நண்பகலில் லாங் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்வேயில் ஜெரிக்கோ அருகே அவருடைய சிறிய ஃபோக்ஸ்வாகன் மீது பின்னால் வந்த லாரி மோதியது. அவருக்கு வயது 38. சரியாக நான்கு வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, ஏழைகளுக்கான உணவு முத்திரைத் திட்டத்தையும் பள்ளி மதிய உணவு நிதியையும் வெட்டிய செலவுக்குறைப்புச் சட்டத்தில் ரீகன் கையெழுத்திட்டார். எந்தத் திட்டங்களுக்காகச் சேப்பின் பேசிவந்தாரோ அவைதான் வெட்டுப்பட்டன.

ஐந்து ஆண்டுகள் போயின. 1986இல் அதே நாடாளுமன்றம் சேப்பினுக்குத் தங்கப் பதக்கம் வழங்கச் சட்டம் இயற்றியது, அதே அதிபர் கையெழுத்திட்டார். பதக்கத்துக்காகப் பாடுபட்ட லேஹி போன்றவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை, அவர்கள் உணவுத் திட்டங்களுக்காகவும் போராடியவர்கள். ஆனால், ஒரு மனிதர் கேட்டதைக் கொடுக்காமல் அவருக்குப் பதக்கம் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது. அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு, கொடுத்தவரின் சட்டையைப் பிடிக்காத குறையாக அன்றிரவே வாதாடியிருப்பார் என்று அவரைப் பற்றிப் படித்தவரை நம்புகிறேன்.

பாட்டினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கார்னகி ஹால் கச்சேரியே அவர்களுக்குப் பதில் சொல்லும். அன்று ஸ்பிரிங்ஸ்டீன் பாடுவதற்கு முன் ஒரு நினைவைச் சொன்னார். ஒருமுறை இருவரும் ஒரே ஹோட்டலில் தங்கியிருந்தபோது சேப்பின் அவரைப் பிடித்துவைத்துக்கொண்டு விடாமல் பேசியிருக்கிறார். ஒரு இரவு எனக்காகப் பாடுகிறேன், அடுத்த இரவு மற்றவனுக்காகப் பாடுகிறேன் என்பது சேப்பின் வைத்திருந்த கணக்கு. அந்தப் பேச்சு ஸ்பிரிங்ஸ்டீனின் மனதில் தங்கிவிட்டது. பின்னாளில் அவர் தம் சுற்றுப்பயணங்களில் போகும் ஊரிலுள்ள உணவு வங்கிகளுக்கு நன்கொடை கொடுத்தார், மேடையிலிருந்தே ரசிகர்களையும் கொடுக்கச் சொன்னார். சேப்பினின் மேலாளராக இருந்த கென் கிராகன், 1985இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக நாற்பதுக்கும் மேற்பட்ட பாடகர்களைத் திரட்டி ‘வி ஆர் த வேர்ல்டு’ பாடல் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். அந்த யோசனையைத் தொடங்கியவர் பெலஃபாண்டே. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் குறுக்கே மக்கள் கைகோத்து நின்ற நிகழ்ச்சியையும் கிராகன்தான் நடத்தினார். சேப்பினின் கார்னகி ஹால் கச்சேரியும் அவர் கைவண்ணமே. ஒரு பாடகரின் பிடிவாதம் எத்தனை பேரைத் தொற்றியிருக்கிறது பாருங்கள். பேட் பெனடார் புகழ் பெறுவதற்கு முன் நடித்த மேடை நாடகங்களில் ஒன்று சேப்பின் எழுதிய ‘த ஸிங்கர்’ (The Zinger). லாங் ஐலண்டில்தான் அது அரங்கேறியது. அந்த நன்றியும் அன்று மேடையில் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நினைவு விழாக்களில் சேப்பினை மகானாக்கிவிடுகிறார்கள், அது அவருக்குச் செய்யும் நியாயம் இல்லை. அவர் தம்மைத் தாமே எரித்துக்கொண்டவர். பாதிக் கச்சேரிகள் நிதி திரட்டவே என்றால், மீதிப் பாதியில் சம்பாதித்தால்தான் குடும்பமும் நடக்கும், அவர் தாங்கிப்பிடித்த அமைப்புகளும் நடக்கும். அதற்காக ஓயாமல் ஊர் ஊராகப் போனார். அப்பாவுக்கு நேரமில்லை என்று பாடியவரின் வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களோடு இருக்க அவருக்குக் கிடைத்த நாட்கள் குறைவு. பாட்டுக்கு வித்திட்ட கவிதையைச் சாண்டி எழுதியதை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் மனம் கனக்கிறது. உலகத்தின் பசியை ஒரு மனிதரின் உடம்பும் ஒரு குடும்பத்தின் பொறுமையும் சுமக்கக் கூடாது. அதனால்தான் சாண்டியையும் அயர்ஸையும் நான் மிகவும் மதிக்கிறேன். அவர் போன பிறகு கைதட்டலும் இல்லாமல் காமிராவும் இல்லாமல் அமைப்புகளைப் பல பத்தாண்டுகள் நடத்திக் காட்டியவர்கள் அவர்கள்.

ஐசனோவர் பூங்காவில் ஏரிக்கரையில் இருக்கும் திறந்தவெளி அரங்குக்கு இப்போது சேப்பினின் பெயர். அங்கே நடந்த ஒரு நினைவுக் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன். மடக்கு நாற்காலியோடு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். வாசலில் பெரிய பெட்டிகள் வைத்திருந்தார்கள், வருகிற ஒவ்வொருவரும் டின் உணவைப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். பெட்டி நிறைய நிறைய எனக்குச் சந்தோஷம். அடுத்த சனிக்கிழமை அவை எங்கே போகும் என்று தெரிந்தவள் அல்லவா. உள்ளூர் அரசியல்வாதி ஒருவர் மேடையேறிப் பாராட்டுப் பத்திரம் வாசித்தார், எல்லோரும் கைதட்டினோம். பாட்டு தொடர்ந்தது. அன்றிரவு முழுக்க யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. அவர் எந்தக் கட்சி என்பது எனக்குப் பொருட்டில்லை. பசிக்காக வாழ்ந்த ஒருவரின் பெயரால் கூடியிருக்கிறோம், பசியைப் பற்றி முடிவெடுக்கும் இடத்துக்கு அருகில் இருப்பவர் எதிரே நிற்கிறார், நாங்கள் கைதட்டி அனுப்பிவைக்கிறோம்.

இந்த நாட்டில் ஸ்நாப் என்றொரு உணவு உதவித் திட்டம் இருக்கிறது. பழைய உணவு முத்திரைத் திட்டத்தின் இன்றைய பெயர் அது. ஒரு அட்டையில் மாதாமாதம் அரசு பணம் போடும், அதைக் கொடுத்துக் கடையில் உணவுப் பொருள் வாங்கிக்கொள்ளலாம். 2025இல் ஏறத்தாழ 4.2 கோடிப் பேர் இதை நம்பியிருந்தார்கள். உணவு வங்கிகளின் தேசியக் கூட்டமைப்பான ஃபீடிங் அமெரிக்கா ஒரு கணக்கு சொல்கிறது: உணவு வங்கிகள் ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தால், ஸ்நாப் ஒன்பது வேளை கொடுக்கிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், பத்தாண்டுகளில் இந்தத் திட்டத்திலிருந்து சுமார் 18,600 கோடி டாலரைக் குறைக்கிறது. அத்தனை பூங்காக்களிலும் அத்தனை பெட்டிகளை வைத்து நிரப்பினாலும் இந்தப் பள்ளத்தை மூட முடியாது. பெட்டிகளைச் சுமக்கிறவள் என்பதால் சொல்கிறேன்.

2023இல் அமெரிக்காவில் 4.74 கோடிப் பேர் போதிய உணவுக்கு உத்தரவாதமில்லாத வீடுகளில் வாழ்ந்தார்கள், அவர்களில் 1.38 கோடிப் பேர் குழந்தைகள். இது வேளாண் துறையின் கணக்கு. இந்தக் கணக்கெடுப்பு அறிக்கையை இனி வெளியிடப் போவதில்லை என்று அதே துறை 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. சேப்பினின் ஆணையம் செய்த முக்கிய வேலையே பசியின் காரணத்தைத் தேடியதுதான். கணக்கே இல்லாவிட்டால் எதைக் காட்டி வாதாடுவது?

எனக்கு இதில் இவ்வளவு கோபம் வரக் காரணம் உண்டு. நான் வத்தலக்குண்டுப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவள். அலுமினியத் தட்டோடு வரிசையில் உட்காருவோம். சாம்பார் சாதம் சூடாக வரும். அந்தச் சோற்றுக்காக யாருக்கும் நன்றி சொன்னதாக நினைவில்லை, சொல்லும்படி யாரும் எங்களை எதிர்பார்க்கவும் இல்லை. அது அரசாங்கம் பட்ஜெட்டில் எழுதி, ஒவ்வொரு ஆண்டும் ஒதுக்கிய பணம். காமராஜர் 1956இல் தொடங்கியதை 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கினார், பின்னர் வந்தவர்கள் யாரும் அதில் கை வைக்கத் துணியவில்லை. பேன்ட்ரிக்கு வரும் குழந்தைகளோ அம்மாவின் பின்னால் மறைந்து நிற்கிறார்கள். தர்மம் வாங்குகிறோம் என்பது ஆறு வயதிலேயே அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. பசியை ஒழிப்பது அரசியல் முடிவு என்று சேப்பின் வாஷிங்டனில் தொண்டை வறளச் சொன்னதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

நினைவுக் கச்சேரி நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். பாடுங்கள், நன்றாகப் பாடுங்கள். டின் உணவைக் கொண்டுவரச் சொல்லுங்கள், நாங்கள் பிரித்து அடுக்குகிறோம். பாட்டு முடிந்ததும் சேப்பின் நின்ற மாதிரி முகப்பில் ஒரு மேசை போட்டு நில்லுங்கள். அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் உணவு உதவிச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தார் என்பதை ஒரு தாளில் அச்சடித்து, வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். பாராட்டுப் பத்திரம் வாசிக்க அவரை அழைத்தால், வாசித்து முடித்ததும் அவரையும் அந்த மேசைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கேட்க நினைப்பவர்கள் எல்லோரும் கேட்டு முடிக்கும்வரை அவர் அங்கே நிற்கட்டும்.